மாமாவுக்கு நான் பார்த்த டிரைவிங் ஸ்கூல்

கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு ஸ்டியரிங் வரைந்திருந்தது. ஒரு வட்டம், அதற்குள் மூன்று கோடு, பக்கத்தில் அம்புக்குறி போட்டு அதன் பெயர். கீழே மூன்று சின்னக் கட்டங்கள்: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். முதல் பெஞ்சில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு என் அக்கா வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடம் லாரியிலேயே சமைத்து லாரியிலேயே தூங்கி எழுந்த மனிதர். ஓடுகிற வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். அவரிடம்தான் டை கட்டிய ஒரு வாத்தியார் கோலை நீட்டி, இது என்ன என்று கேட்டார். மாமா எழுந்து நின்று, "ஸ்டியரிங் சார்" என்றார். அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன போட்டோக்களைக் கொடுக்க வந்த நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் அந்த ஸ்கூலைத் தேடிப்பிடித்தவள் நான். தொண்ணூற்று மூன்றாம் வருடம். எனக்கு இருபத்தோரு வயது. ஆஸ்டின் டவுனில் அப்பா அம்மாவோடு இருந்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வாடகைப் பத்திரம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ அடித்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான் ஒருத்திதான். அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து கரண்ட் பில்வரை எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். வந்தால் முதலில் சலித்துக்கொள்வேன், பிறகு செய்து கொடுப்பேன். சலித்துக்கொள்வது என் பழக்கம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அப்போது கிளீனர். கிளீனர் என்றால் வண்டியைத் துடைப்பவர் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, டிரைவரின் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் பார்ப்பவர் கிளீனர். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, டயரைச் சுத்தியால் தட்டிக் காற்றுப் பார்ப்பது, ரோட்டோரம் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பது எல்லாம் அவர் வேலை. கலாசிப்பாளையத்தில் ஒரு முதலாளியின் லாரியில் மாமா பம்பாய்க்கும் நாக்பூருக்கும் போய்வந்துகொண்டிருந்தார். டிரைவர் களைத்தால் இவரே ஓட்டியதும் உண்டு. குடோனில் வண்டியை நகர்த்துவது, திருப்பி நிறுத்துவது எல்லாம் இவர்தான். கையில் இருந்தது மட்டும் சின்ன வண்டி லைசென்ஸ். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் பாத்திரம் ஆடுகிற ஒற்றை அறையில், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு இருந்தாள். லைன் என்கிற வெளியூர் ஓட்டம் முடிந்து மாமா தாடியும் அழுக்கு லுங்கியுமாக வந்து நின்றால் அந்தக் குழந்தை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லும். மாமா சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த வருடம் பீன்யாவில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் லாரி டிரைவர் வேலை காலியானது. அக்கா தெருவில் குடியிருந்து, அங்கே சூபர்வைசராக வேலை பார்த்த ஒருவர் வந்து சொன்னார். ஊருக்குள்ளேயே சரக்கு இறக்குகிற வண்டி. காலையில் போனால் சாயங்காலம் வீடு. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஹெவி லைசென்ஸ் மட்டும் வேண்டும், யுகாதிவரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது என்றார். சாயங்காலம் வீடு என்று அவர் சொன்னபோது அக்காவின் முகம் எப்படி ஆயிற்று என்பது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பட்டுப் புடவைக்குக்கூட ஆசைப்படாதவள் இதற்கு ஆசைப்பட்டாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று குழந்தையிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

லாரி லைசென்ஸுக்கு நேராகப் போய் டெஸ்ட் கொடுக்க முடியாது. ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பயிற்சி முடித்தேன் என்று அவர்கள் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டை வைத்தால்தான் ஆர்டிஓ கிரவுண்டுக்குள் விடுவார்கள். யுகாதிக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. ஒரு ஸ்கூலில் சேர்ந்துவிட்டுப் பாதியில் இன்னொன்றுக்கு ஓட நேரம் கிடையாது. அதனால் முதலிலேயே சரியான ஸ்கூலாகப் பார்க்கவேண்டும் என்றார்கள். யார் பார்ப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும், "நீ படிச்ச பொண்ணு, நீயே பாரும்மா. எனக்கு இந்த ஆபீசுங்கள்ல போய் நின்னாவே நாக்கு ஒட்டிக்கும்" என்றார். நானும் வழக்கம்போலச் சலித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். கடையில் ஒரு பழைய நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன். எத்தனை நாள், எத்தனை கிளாஸ், ரசீது உண்டா, அங்கீகாரம் உண்டா என்று மேலே தலைப்புகள் எழுதினேன். வண்டி எப்படி என்று ஒரு தலைப்பு எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் ஸ்கூல் எங்கள் கடைக்கு நாலு வாசல் தள்ளி, மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையும் ஒரு ஸ்டூலும். அங்கிருந்த ஆள், "நீங்க வரவே வேணாம். போட்டோ மட்டும் குடுத்துட்டுப் போங்க, சர்ட்டிபிகேட் வீட்டுக்கு வரும்" என்றான். மாமா ரொம்ப யோசனையாக, "அப்ப வண்டிய யாருப்பா ஓட்டறது?" என்று கேட்டார். அவன் முறைத்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன். நோட்டில் அதை அடித்துவிட்டு வெளியே வந்தோம்.

இரண்டாவது யஷ்வந்தபுரத்தில், லாரிகள் நிற்கிற மைதானத்தை ஒட்டி. ஆபீஸ் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, அதன் சுவரில் எண்ணெய்க் கறை. எனக்கு உட்கார நாற்காலிகூட இல்லை. வண்டியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பெயிண்ட் உரிந்து, இடது கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். மாமா என்னை விட்டுவிட்டு நேராக வண்டியிடம் போனார். குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். பானெட்மேல் கையை வைத்தார். சூடு கையில் பட்டதும் கையை உதறிக்கொண்டு சிரித்தார். அப்போது இரண்டு டிரம்முக்கு நடுவில் ஒருவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பின்னால் நின்ற இன்னொருவர் பழக்க தோஷத்தில் வண்டியின் பாடியைத் தட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான். எங்கிருந்தோ அறுபது வயது மாஸ்டர் ஒருவர் தோள் துண்டை உருவிக்கொண்டு ஓடிவந்தார். "கைய எடுடா டேய்! கிரவுண்டுல உனக்கு எவன்டா வந்து தட்டுவான், உங்கப்பனா? கண்ணாடியப் பாருடா மியா, கண்ணாடிய!" என்று கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது. கூடவே உருதுவிலும் கன்னடத்திலும் நாலைந்து வார்த்தைகள், அவற்றை இங்கே எழுத முடியாது.

ஆற்றுத் தண்ணீர்க் கலவரம் நடந்து முடிந்திருந்த கன்னட ஊரில், தமிழ் பேசுகிற நாங்கள் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நடு மைதானத்தில் ஒருவர் இப்படித் தொண்டை கிழியத் தமிழில் திட்டுவதைக் கேட்டு எனக்குக் கூசியது. இருந்தாலும் நோட்டை விரித்துக்கொண்டு போய், எத்தனை கிளாஸ் என்று கேட்டேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரும்மா ஓட்டப் போறது, நீயா?" என்றார். இவர்தான் என்று மாமாவைக் காட்டினேன். "அப்ப அவன் பேசட்டும். அவனுக்கு வாய் இல்லியா?" என்றார். மாமாவைப் பார்த்து, "கிளீனரா?" என்று கேட்டார். மாமா தலையாட்டினார். "கெட்ட பழக்கம் நெறைய இருக்கும். நாப்பது நாள் என்கிட்ட அடி வாங்கு, எல்லாம் போயிடும்" என்றார். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. எனக்குத்தான் முகம் எரிந்தது. ரசீது இல்லை, போர்டு இல்லை, மரியாதை தெரியாத ஆள் என்று நோட்டில் எழுதி, அந்த ஸ்கூலையே கோடு போட்டு அடித்தேன். உண்மையான காரணம் மூன்றாவது மட்டும்தான். இதை ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருடம் ஆயிற்று.

மூன்றாவது இந்திராநகரில். மூன்று மொழியில் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு ஃபேன். பாதியாக வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி ஒரு எஞ்சினைப் பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று, "உட்காருங்க மேடம்" என்றார். அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. கடைக்கு வருபவர்களுக்கு நான் "ஏம்மா"தான். அவர் என் எல்லாக் கேள்விக்கும் இங்கிலீஷில் பதில் சொன்னார். எந்தக் கிழமை என்ன பாடம் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். நான் அதை வாங்கி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. என் புத்தி அப்படி. காகிதம் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் என் சம்பளமே வந்துகொண்டிருந்தது.

மாமா அந்த எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி எங்கே என்று கேட்டார். பக்கத்துக் காலி மனையில் நின்றது. பளபளவென்று மஞ்சள் பெயிண்ட், முன்னால் பெரிய எழுத்தில் ஸ்கூல் பெயர். மாமா அதை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்தார், டயரைப் பார்த்தார், பானெட்மேல் கையை வைத்தார், கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் கையில் தாளோடு நின்று எப்படி மாமா என்று கேட்டேன். "பெயிண்ட் நல்லாத்தான் கீதும்மா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இதுதான் மாமா, இங்கேயே சேர்ந்துவிடுங்கள் என்றேன். "நீ சொன்னா சரிம்மா" என்றார். அக்காவிடம் அன்று சாயங்காலம் அந்த அச்சடித்த தாளை விரித்துக் காட்டி, ஒவ்வொரு கிழமையாக வாசித்தேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு ஆரம்பித்தது அந்தக் கரும்பலகைப் படிப்பு. ஐந்து வாரத்தில் அந்த மஞ்சள் லாரி நான்கே தடவைதான் கிளம்பியது. ஒருநாள் பேட்டரி இல்லை, ஒருநாள் டீசல் வரவில்லை, ஒருநாள் வாத்தியார் வரவில்லை. கிளம்பிய நான்கு நாளும் இரண்டாவது கியரிலேயே அந்த லேஅவுட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார்கள். ரிவர்ஸ் எடுக்க இடமில்லை, பக்கத்து பங்களாக்காரர் சத்தம் போடுகிறார் என்றார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எப்படிப் போகிறது மாமா என்று நான் கேட்டபோதெல்லாம், நல்லாச் சொல்லிக் குடுக்கறாங்கம்மா என்றுதான் சொன்னார். சிக்னல் படங்கள் போட்ட அட்டையை அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள், அவர் பெயர் சொல்வார். குழந்தை கைதட்டும். லைனுக்குப் போகாமல் தொடர்ந்து ஐந்து வாரம் அவர் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிவதை விட்டுவிட்டது. அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு அட்டையைத் தானே பிடித்துக்கொண்டது.

டெஸ்ட் அன்று நானும் அக்காவும் கிரவுண்டு வேலி ஓரம் நின்றோம். மஞ்சள் லாரி வரவில்லை. அது வராது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டெஸ்டுக்கு என்று ஸ்கூல்காரர்கள் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து வந்திருந்தார்கள். மாமா முன்னால் ஓட்டியதில் குறையே இல்லை. தெரியாத வண்டியை அவர் கியர் மாற்றிய விதத்தைப் பார்த்து வேலியோரம் நின்ற இரண்டு டிரைவர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் ரிவர்ஸ். இரண்டு வரிசைக் கம்பங்களுக்கு நடுவில் பின்னால் போய் நிறுத்தவேண்டும். மாமா தலையை வெளியே நீட்டி, பாதி தூரம் அழகாக வந்தார். வந்து நின்றுவிட்டார். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்காவுக்குப் புரிந்தது. லாரிக்காரர்கள் கண்ணை நம்பி ரிவர்ஸ் எடுப்பதில்லை, காதால் எடுப்பார்கள். பின்னால் நிற்கிற ஆள் பாடியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம் என்று அர்த்தம். தட்டு நின்றால் நிற்கவேண்டும். பன்னிரண்டு வருடம் மாமா மற்றவர்களுக்குத் தட்டினார், குடோனில் இவர் ஓட்டும்போது மற்றவர்கள் இவருக்குத் தட்டினார்கள். தட்டு இல்லாத இடத்தில் வண்டியை நகர்த்தினால் யாரையாவது நசுக்கிவிடுவோம் என்பது அவர் உடம்பிலேயே ஊறிப்போனது. கண்ணாடியைப் பார்த்துத் தனியாகப் பின்னால் வர அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆளை நான் நோட்டில் அடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில், "ஏன்ரீ, நித்தே பந்தா?" என்று கேட்டார். தூக்கம் வந்துவிட்டதா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் அக்கா, தன் தொடையில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அது யாருக்குக் கேட்கப் போகிறது. மாமா கடைசியில் பயந்துகொண்டே வண்டியை எடுத்தார். இடப்பக்கக் கம்பம் சாய்ந்தது.

திரும்ப டெஸ்ட் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் வாடகை வண்டி மறுபடி கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றார் மேனேஜர். யுகாதிக்கு இருந்தது பத்து நாள். நான் இந்திராநகருக்குப் போய்ச் சண்டை போட்டேன். உங்கள் லாரி எங்கே, ரிவர்ஸ் பாடம் எங்கே என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. மேடம் மேடம் என்றே பேசினார். அச்சடித்த தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில், வண்டி இருப்பைப் பொறுத்துப் பயிற்சி மாறுதலுக்கு உட்பட்டது என்று இருந்தது. தினமும் இதுபோல நூறு தாள் அடிக்கிறவள் நான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கிழித்தேன். கிழித்து என்ன ஆகப்போகிறது. யுகாதி முடிந்த மறுநாள் பிஸ்கட் கம்பெனி வண்டியில் வேறு யாரோ ஏறினார்கள். சூபர்வைசர் வந்து வருத்தப்பட்டுவிட்டு அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மாமா யாரிடமும் சொல்லாமல் யஷ்வந்தபுரம் போய் அந்த மாஸ்டரிடம் சேர்ந்தார். துண்டால் அடி வாங்கினாரா என்று தெரியாது. இரண்டு மாதத்தில் லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அதில்தான் இன்னொரு கூத்து. ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கலாசிப்பாளையம் முதலாளி அவரை டிரைவராக்கி, கல்கத்தா லைனில் போட்டுவிட்டார். கிளீனராக இருந்தபோது மாதத்தில் பதினைந்து நாளாவது வீட்டில் இருந்தவர், டிரைவரானபிறகு ஐந்து நாள்தான் இருந்தார். வீட்டுக்கு வருவதற்காக வாங்கிய லைசென்ஸ் அவரை இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விட்டது. குழந்தைக்கு அம்மை போட்டபோது அவர் ஒரிசாவில் இருந்தார். அக்காவுக்கு இரண்டாவது கரு கலைந்தபோது செய்தி சொல்லவே நாலு நாள் ஆனது. பெண் மறுபடி கதவுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்து, பிறகு ஒளிகிற வயதையும் தாண்டி, அப்பா வந்தால் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறவளாக வளர்ந்தாள். ஊருக்குள் வேறு வேலை கிடைக்கும் கிடைக்கும் என்று பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அக்கா ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவள் சொல்லாததால் அந்தக் குறை சொல்கிற வேலையை நானே செய்தேன், ஆனால் எனக்குச் சாதகமாகச் செய்தேன். பதினைந்து வருடமாக, கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும், இந்தக் கதையை ஒரு தமாஷ் மாதிரி சொல்லிவந்தேன். மஞ்சள் லாரி, சாக்பீஸ் ஸ்டியரிங், மேடம் என்று கூப்பிட்ட மேனேஜர் எல்லாம் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். முடிக்கும்போது மாமாவைக் காட்டுவேன். எல்லாம் இவரால்தான், அந்த வண்டியைத் தொட்டுப் பார்த்ததுமே இவருக்குத் தெரிந்திருக்கும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்குப் பிஸ்கட் கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருந்திருப்பார், வாயில்லாப் பூச்சி என்பேன். மாமா எதிரில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் பொய்யில்லை. மனதார நம்பித்தான் சொன்னேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னும் ஒக்கலிபுரம்தான், இப்போது இரண்டு அறை. சர்க்கரையால் கண் மங்கிப்போய் மாமா வண்டியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டில் இருப்பதற்கு இப்போது அவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. அக்கா பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஸ்கூட்டர் லைசென்ஸுக்காக மூன்று டிரைவிங் ஸ்கூல் நோட்டீஸைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "எது நல்லாருக்கும் சித்தி?" என்று கேட்டாள். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். உங்கப்பாவுக்கு ஒரு ஸ்கூல் பார்த்தேனே, அந்தக் கதை தெரியுமா என்று தொடங்கி, வழக்கம்போல வாயில்லாப் பூச்சியில் கொண்டுவந்து முடித்தேன். அவள் சிரித்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"அவரு சொன்னாருடி" என்றாள்.

யாரிடம் என்று கேட்டேன்.

"என்கிட்டதான். அன்னிக்கே சொன்னாரு. எஞ்சின் ஜில்லுனு கீது, டயரு பூமியில பதிஞ்சு கீது, அது எடத்த விட்டு நகராத வண்டின்னு. யஷ்வந்தபுரத்துக் கிழவன்தான் வேல தெரிஞ்சவன்னு சொன்னாரு. மறுநாள் காலைல ரெண்டு பேரும் உன்கிட்ட சொல்லலாம்னுதான் குழந்தையத் தூக்கிக்கினு ஆஸ்டின் டவுன் வந்தோம். நீ வேலைக்குக் கெளம்பிக்கினு இருந்த. எங்களப் பாத்ததும், 'இன்னும் என்னா? நாலு நாள் லீவு போட்டாச்சு, ஓனர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு கீறான். இதுவும் புடிக்கலன்னா நீங்களே எங்கனா பாத்துக்குங்க, என்ன உட்ருங்க'ன்னுட்டு செருப்ப மாட்டிக்கினு போயிட்ட. நாங்க அம்மா குடுத்த காபியக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டோம்."

எனக்கு அப்படி ஒரு காலை நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சாக்பீஸால் வரைந்த ஸ்டியரிங்கின் மூன்று கோடும் நினைவிருக்கிறது, அந்தத் தாளில் எழுத்துப்பிழை இல்லை என்பது நினைவிருக்கிறது, இது மட்டும் இல்லை. ஆனால் அக்கா பொய் சொல்கிறவள் அல்ல. அவள் சொன்ன வார்த்தைகள் என் வார்த்தைகள்தான். அப்படித்தான் நான் பேசுவேன். அதே வாரம் அப்படி இன்னும் பத்துப் பேரிடம் பேசியிருப்பேன். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு வந்த ஆத்திரத்தில், பதினைந்து வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம்தான் முதலில் கத்தினேன். என்னைத் தமாஷ் பண்ண விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டேன். அவள் கீரைத் தண்டை ஒடித்தாள். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"நிஜமா மாமா?" என்றேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்கு அன்னிக்கு வேலைக்கு லேட்டாயிடுச்சு."